விடுதலை நாளில் பணம் யார் கைக்குப் போனது?

2015இல் பிரிட்டிஷ் அரசு ஒரு பழைய கடனை அடைத்து முடித்தது. 180 வருஷத்துக் கடன். 1835இல் ராத்சைல்ட் முதலான வங்கிக்காரர்களிடம் ஒன்றரைக் கோடி பவுண்டு வாங்கியதில் தொடங்கியது. பிறகு வேறு கடன் பத்திரங்களோடு சேர்ந்து உருமாறி, தலைமுறை தலைமுறையாக அதற்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. எதற்கு வாங்கிய கடன் என்று கேட்டால், அடிமைகளை விடுவிக்க என்பார்கள். அது பாதிதான் சரி. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க வாங்கிய கடன் அது. விடுதலையானவர்களுக்கு அதிலிருந்து ஒரு பென்னிகூடப் போகவில்லை.

2018இல் பிரிட்டிஷ் நிதித்துறை இதைப் பெருமையாக ட்விட்டரில் போட்டது. நீங்கள் கட்டிய வரி அடிமை வணிகத்தை ஒழிக்க உதவியிருக்கிறது என்று சொல்லிப் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். 1948க்குப் பிறகு ஜமைக்காவிலிருந்தும் பார்படோசிலிருந்தும் லண்டனுக்கு வந்து, மருத்துவமனையில் செவிலியராகவும் பஸ்ஸில் நடத்துநராகவும் உழைத்தவர்கள் ஏராளம். அவர்களும் வரி கட்டினார்கள். பாட்டனின் பாட்டனைச் சாட்டையால் அடித்து வேலை வாங்கியவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டுக்கு, பேரன் தன் சம்பளத்திலிருந்து வட்டி கட்டியிருக்கிறான்.

அடிமை முறை எப்போதோ ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்கு அந்தப் பேச்சு என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் எடுத்து வைக்கத் தோன்றுகிறது. இன்றைய ஏற்றத்தாழ்வின் வேரைத் தேடும்போது நாம் சங்கிலியையும் சாட்டையையும் பார்க்கிறோம். சங்கிலி கழன்ற அந்த நாளில் நிலம் யாரிடம் இருந்தது, பணம் யார் கைக்குப் போனது என்று பார்ப்பதில்லை. பாதி வேர் அங்கேதான் இருக்கிறது.

1833இல் நிறைவேறிய அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. விடுதலையானவர்கள் சுமார் 8 லட்சம் பேர். எஜமானர்களுக்கு ஒதுக்கிய தொகை, கடன் வாங்கிய ஒன்றரைக் கோடியும் சேர்த்து, 2 கோடி பவுண்டு. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஒரு வருஷச் செலவில் கிட்டத்தட்ட 40 சதவீதம். அதைப் பங்கு போட ஓர் ஆணையம் அமைத்தார்கள். தன்னிடம் வயல்வேலைக்கு எத்தனை பேர், வீட்டுவேலைக்கு எத்தனை பேர், கைத்தொழில் தெரிந்தவர் எத்தனை பேர், 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் எத்தனை, வயதாகி உழைக்க முடியாதவர் எத்தனை என்று ஒவ்வொரு எஜமானரும் கணக்குக் கொடுத்தார். ஒவ்வொரு வகைக்கும் ஒரு விலை. ஊருக்கு ஊர் அந்த விலையும் மாறியது. தென்னமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் கயானாவில் தலைக்குச் சராசரி 50 பவுண்டுக்கு மேல், ஜமைக்காவில் 20 பவுண்டுக்குச் சற்றுக் கீழே. கயானாவில் மண் புதுசு, கரும்பு நன்றாக விளைந்தது, அதனால் சந்தையில் ஆள் விலை அதிகம். மனிதரை விற்பது தவறு என்று சொன்ன சட்டம், மனிதரின் விற்பனை விலையை வைத்தே கணக்கை முடித்தது.

அன்றைக்கே விடுதலையும் வந்துவிடவில்லை. ‘பயிற்சிக்காலம்’ என்று ஒன்றை வைத்தார்கள். தோட்டங்களில் அதே ஆட்கள் அதே எஜமானருக்கு வாரம் 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் உழைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவருக்குக் கரும்பு வெட்டப் பயிற்சி! 6 வருஷம் என்று திட்டமிட்டதை, எதிர்ப்பு வலுத்ததால் 1838இல் நிறுத்தினார்கள். ஆக, எஜமானருக்குக் கைநிறையப் பணமும் கிடைத்தது, 4 வருஷ இலவச உழைப்பும் கிடைத்தது.

அந்தப் பணம் பெட்டியில் தூங்கவில்லை. ரயில்வே பங்குகளாக, வங்கி முதலீடாக, மாளிகைகளாக, பிள்ளைகளின் படிப்பாக மாறியது. அதிகம் வாங்கியவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். சுமார் 2,500 அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். அவருடைய மகன் வில்லியம் பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமர்.

மறுபக்கம் கயானாவிலேயே நடந்த ஒரு காட்சி. 1839 நவம்பரில், விடுதலையான 83 பேர் சேர்ந்து நார்த்புரூக் என்ற கைவிடப்பட்ட தோட்டத்தை விலைக்கு வாங்கினார்கள். விலை 30,000 கில்டர். பயிற்சிக்காலத்தில் கட்டாய நேரம் போக மிச்ச நேரத்தில் உழைத்துச் சேர்த்த சில்லறைக் காசு. அதைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஊரின் பெயரை விக்டோரியா என்று மாற்றிக்கொண்டார்கள். இதைப் போலவே வேறு கிராமங்களும் கூட்டாக நிலம் வாங்கின. ஒரு தலைமுறை இப்படியே போயிருந்தால் அந்த நாட்டின் கதை வேறாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

தோட்ட முதலாளிகளுக்கும் அது தெரிந்திருந்தது. சொந்த நிலம் இருப்பவன் கூலியைப் பேரம் பேசுவான். அதனால் பேரம் பேச முடியாத ஆட்களை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அதே ஜான் கிளாட்ஸ்டன் 1836இலேயே கல்கத்தாவில் இருந்த வணிக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டார். 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் இந்தியாவிலிருந்து சுமார் 400 பேர் கயானாவில் போய் இறங்கினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். மொரிஷியசுக்கு 1834இலேயே ஆள் போகத் தொடங்கியாயிற்று. 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு முதல் கப்பல் போனது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் கதை நமக்குத் தெரியும். ‘கூலி’ என்ற நம்முடைய சொல் ஆங்கிலத்தில் ஓர் இனத்தைத் திட்டும் சொல்லாக மாறியதும் இந்தக் காலத்தில்தான். ஒருவரின் விடுதலை மற்றவரின் ஒப்பந்தச் சீட்டில் போய் முடிந்தது. அந்த இரண்டு கூட்டத்தாருக்கும் இடையில் கயானாவில் இன்றுவரை நீளும் அரசியல் பிளவும் அந்தக் கூலிக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

சரி, பிறப்பை வைத்து ஒருவரை அடிமையாக்குவது எப்போது வந்தது? அடிமை முறை பழையது. பாபிலோனில் ஹமுராபியின் சட்டத்தில் ஓடிப்போன அடிமையை ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை உண்டு. ஆனால் ரோமில் போரில் தோற்றவர், கடற்கொள்ளையரிடம் சிக்கியவர் என்று எந்த நிறத்தவரும் அடிமையாகலாம். விடுதலை பெற்ற பிறகு பிறக்கும் பிள்ளை சுதந்திரக் குடிமகன். ஹொரேஸ் என்ற பெரிய கவிஞரின் தந்தை ஒரு முன்னாள் அடிமை. அடிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஸ்லாவ் மக்களின் பெயரிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் அவ்வளவு ஸ்லாவியர்களைப் பிடித்து விற்றிருக்கிறார்கள். கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமை ஒருவரின் தோலில் எழுதி ஒட்டப்படவில்லை.

அப்படி எழுதி ஒட்டியது அமெரிக்கக் கண்டத்தின் தோட்டங்கள். 1640இல் வர்ஜீனியாவில் மூன்று வேலையாட்கள் ஒரே எஜமானரிடமிருந்து சேர்ந்தே ஓடினார்கள், சேர்ந்தே பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற கறுப்பர். குற்றம் ஒன்றுதான். முதல் இருவருக்கும் கூடுதலாக 4 வருஷ வேலை, ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுக்க. அப்புறம் 1662இல் அதே வர்ஜீனியாவில், குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் போட்டார்கள். இங்கிலாந்தின் வழக்கப்படி பிள்ளை தந்தையைச் சேரும். அதை வேண்டுமென்றே தலைகீழாக்கினார்கள். எஜமானன் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவனுக்குச் சொத்தாகிவிடும். 1667இல் ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்று இன்னொரு சட்டம். தப்பிக்க இருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். இனவெறுப்பு முதலில் வந்து அதனால் அடிமை முறை வந்தது என்று பலரும் நினைக்கிறோம். இந்தச் சட்டங்களை வருஷ வரிசையில் வைத்துப் பார்த்தால், உழைப்பு தேவைப்பட்டது, அதைக் கையில் நிறுத்திவைக்கச் சட்டம் தேவைப்பட்டது, அந்தச் சட்டத்துக்கு நியாயம் சொல்ல வெறுப்பை வளர்த்தெடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தெரிகிறது.

அவ்வளவு உழைப்பை விழுங்கியது முக்கியமாகச் சர்க்கரை. வெட்டிய கரும்பை உடனே பிழிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாறு கெட்டுவிடும். அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பை ஊட்டுபவரின் விரல் உருளைக்குள் சிக்கினால் கையே உள்ளே போய்விடும். அதனால் ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கோடரியைத் தயாராக வைத்திருப்பார்கள், கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற. கரீபியத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. குறைந்த எண்ணிக்கையை ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாகக் கொண்டுவந்து நிரப்பினார்கள். மூன்றரை நூற்றாண்டுகளில் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர். கரை இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி.

வழிவழியாக அடிமை என்ற எண்ணத்தை வர்ஜீனியாவிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ‘அடி’யிலிருந்து வந்த ‘அடிமை’ நம் பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் தங்களையும் தங்கள் வழியினரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு கிழவர் ஓர் ஓலையோடு வருகிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் அந்த ஓலையில் ‘யானும் என்பால் வருமுறை மரபுளோரும் வழித்தொண்டு செய்தற்கு’ என்று இருக்கிறது. வந்தவர் சிவன், கதை பக்திக் கதை. ஆனால் அந்த ஓலையின் வாசகம் கேட்பவர்களுக்குப் பழகியதாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை நிற்காது. அதைவிட என்னை உறுத்துவது சுந்தரரின் முதல் பதில். ஓர் அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்கிறார். யார் அடிமையாகலாம், யார் ஆகக்கூடாது என்பது அப்போதே பிறப்பில் தீர்மானமாகியிருந்தது.

இப்போது ஹைட்டிக்குப் போகலாம். விடுதலைக்கு மிகப் பெரிய விலை கொடுத்த நாடு அது. 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804இல் சுதந்திர நாடு என்று அறிவித்தார்கள். 1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் 14 போர்க்கப்பல்களை அனுப்பினார். உங்களைத் தனி நாடாக ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் தோட்டங்களையும் ஆட்களையும் இழந்த எங்கள் எஜமானர்களுக்கு 15 கோடி பிராங்க் கட்டுங்கள் என்பது நிபந்தனை. முதல் தவணை 3 கோடி. கையில் பணம் இல்லை, பாரிசு வங்கிக்காரர்களிடமே கடன் வாங்கினார்கள். 3 கோடிக்குக் கையெழுத்து, கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். மிச்சம் வங்கிக்காரர்களின் தரகு. பிற்பாடு 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் அதற்காக வாங்கிய கடன், அந்தக் கடனை அடைக்க வாங்கிய கடன் என்று 1947 வரை இழுத்தது. காப்பி விற்று வந்த வருமானம் பள்ளிக்கூடமாகவோ சாலையாகவோ ஆகாமல் கப்பலேறிப் போனது. ஹைட்டி ஏன் இவ்வளவு ஏழை என்று கேட்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒருமுறை, விடுதலையானவர்களிடமே உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். 1865 ஜனவரி 12, சவானா நகரம், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் 20 கறுப்பினப் போதகர்களை அழைத்துப் பேசினார்கள். அவர்கள் சார்பாகப் பேசியவர் 67 வயது கேரிசன் பிரேசியர். 1857இல் 1,000 டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் விலைக்கு வாங்கியவர். அடிமைத்தனம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, இன்னொருவரின் உழைப்பை அவருடைய சம்மதமில்லாமல், எதிர்க்க முடியாத பலத்தால் எடுத்துக்கொள்வது என்றார். உங்களை நீங்களே எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்றதற்கு, நிலம் கொடுங்கள், எங்கள் உழைப்பால் உழுது பிழைத்துக்கொள்கிறோம் என்றார்.

நான்கு நாளில் உத்தரவு வந்தது. கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொன்னார் ஷெர்மன். சில மாதங்களில் சுமார் 40,000 பேர் குடியேறி விதைத்தும்விட்டார்கள். லிங்கன் கொல்லப்பட்டார். புதிய அதிபர் ஜான்சன் பழைய எஜமானர்களுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். அதை எடிஸ்டோ தீவு மக்களிடம் நேரில் சொல்லும் வேலை, போரில் வலது கையை இழந்த தளபதி ஹோவர்டுக்கு. பழைய எஜமானர்களை மன்னித்து அவர்களிடமே கூலிக்குப் போங்கள் என்றார். அந்த மக்கள் அவருக்கு எழுதிய பதில் கடிதம் இருக்கிறது. நீங்கள் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 அடி அடித்தவனை, என் தாயையும் தங்கையையும் சாட்டையால் அடித்தவனை நான் எப்படி மன்னிப்பேன் என்கிறது அது. படித்த பிறகு சும்மா இருக்க முடியாத கடிதம்.

நிலம் போன பிறகு நடந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி. விதைக்கும் சாப்பாட்டுக்கும் நிலக்காரரிடமே கடன், அறுவடையில் அவருக்குப் பங்கு, வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் இன்னும் பாக்கி. அடிமை முறையை ஒழித்த 13ஆம் அரசியல் சட்டத் திருத்தம் குற்றத்துக்கான தண்டனையை மட்டும் விலக்கி வைத்திருந்தது. அதனால் வேலையில்லாமல் திரிந்தான் என்று ஒருவரைப் பிடித்துச் சிறையில் போட்டுச் சுரங்கத்துக்குக் குத்தகைக்கு விட முடிந்தது. 1935இல் ஓய்வூதியத் திட்டம் வந்தபோது வயல்வேலையையும் வீட்டுவேலையையும் சேர்க்கவில்லை. கறுப்பினத்தவர் பெரும்பாலும் பார்த்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். அதே காலத்தில் வீட்டுக்கடனுக்காகத் தயாரித்த நகர வரைபடங்களில் அவர்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு அடித்தார்கள். அங்கே வீடு வாங்கக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு.

2022 கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், அதேபோல் நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். வருமான இடைவெளியைவிடச் சொத்து இடைவெளி பல மடங்கு பெரியது. சம்பளம் ஒருவர் காலத்தோடு முடிகிறது. சொத்து குட்டி போடும். பாட்டன் வாங்கிய வீட்டை அடகு வைத்துத் தந்தை படிப்பார், தந்தையின் படிப்பால் மகனுக்கு வேலை கிடைக்கும். முதல் ஏக்கரே பறிபோன குடும்பத்தில் அந்தச் சங்கிலி தொடங்கவே இல்லை. பிரேசில் இன்னும் எளிதாக முடித்துக்கொண்டது. நிலத்தை இனி விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்று 1850இலேயே சட்டம் போட்டுவிட்டு, 1888இல் இரண்டே வரிச் சட்டத்தால் எல்லோரையும் விடுவித்தது, வெறுங்கையோடு.

நம் பக்கம் வருவோம். 1833இன் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இங்கே 1843இல்தான் ஐந்தாம் சட்டம் வந்தது. அதன் முதல் பிரிவே சுவாரசியமானது. வரிப் பாக்கிக்காக அரசு அதிகாரி யாரும் ஒருவரை அடிமை என்று சொல்லி விற்கக்கூடாது என்கிறது. அதுவரை விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடிமை மேல் உரிமை கோரி இனி நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஆனால் அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதற்குத் தண்டனை வந்தது பிற்பாடு, இந்தியத் தண்டனைச் சட்டத்தோடு.

எஜமானர்களுக்கு இங்கே நஷ்ட ஈடு கொடுக்கவில்லை. தேவைப்படவும் இல்லை, எதுவும் அவர்கள் கையை விட்டுப் போகவில்லையே. தஞ்சையில் அடிமையாக இருந்த பறையரும் பள்ளரும் பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் அதே வயலில் நின்றார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் ஆளைக் கட்டிப் போட்டது. அதைவிடப் பலமாகக் கட்டிப் போட்டது குடிசை நின்ற மனை. அது மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் அன்றைக்கே குடும்பத்தோடு தெருவில் நிற்க வேண்டும். சாட்டையடியும் சாணிப்பாலும் தஞ்சையில் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தன.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்கீர் பறையர் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் விளைவாக 1892இலிருந்து சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தும், அதில் பெரும்பகுதி இன்று மற்றவர்கள் கையில். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1971இல். நடுவில் 1968 டிசம்பர் 25 அன்று, கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட ஊரான கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக இருந்த பட்டியல் சாதியினர் கையில், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சாகுபடி நிலப்பரப்பில் சுமார் 9 சதவீதம்தான் இருக்கிறது.

1976இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் படிக்கும்போது, யாரோ இந்தப் பழைய தவறுகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கடன் அடியோடு செல்லாது. அடகு வைத்த சொத்தைத் திருப்பித் தர வேண்டும். விடுதலையானவரை அவர் குடியிருக்கும் மனையிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று தனிப் பிரிவே இருக்கிறது. 2016இன் மத்திய அரசுத் திட்டத்தில் பணமும் முதலாளிக்குப் போகாமல் விடுதலையானவருக்கே போகிறது. நிலைமையைப் பொறுத்து 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் ரூபாய்.

ஆனால் உடனே கைக்கு வருவது 30,000 ரூபாய் வரைதான். மிச்சத் தொகை, வேலை வாங்கியவர் குற்றவாளி என்று தீர்ப்பாவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும். செங்கல் சூளையிலிருந்து விடுவிப்புச் சான்றிதழோடு ஊர் திரும்பும் குடும்பத்துக்கு அங்கே நிலம் இல்லை. 30,000 ரூபாய் சில மாதத்தில் கரைந்துவிடும். அடுத்த பருவம் தொடங்கும்போது முன்பணத்தோடு வேறொரு சூளைக்காரரின் ஆள் வாசலில் வந்து நிற்பார்.